பழைய மரப்படகில் வங்கு மாற்ற எந்த மரம்?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். அப்பா காலத்து 28 அடி மரப்படகு. தொண்டிக்குப் பக்கத்தில் ஆறு வருடங்களாகக் கரையில் கிடக்கிறது. பலகைகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பலகைகளை உள்ளிருந்து விலா எலும்பு போலத் தாங்கும் சட்டங்களான வங்குகள் 20-இல் ஒன்பது இற்றுவிட்டன. விரலால் அழுத்தினாலே பொடியாகின்றன. வீட்டு வேலை செய்யும் ஆசாரி தேக்கு போடச் சொல்கிறார். மரக்கடையில் படாக் என்கிறார்கள். பக்கத்துப் படகுக்காரர் யூக்கலிப்டஸே போதும் என்கிறார். செலவு கூடினாலும் பரவாயில்லை, தேக்கே போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வளைந்த வங்குகளுக்குத் தேக்கு வேண்டாம். முற்றிய நாட்டுக் கருவேலமாக, வளைவு மரத்திலேயே இருக்கும் துண்டாகப் பார்த்து வாங்குங்கள். படகின் அடியில் முதுகெலும்பு போல நீளமாக ஓடும் கட்டையான ஏராவின் மேல் குறுக்கே படுக்கும் நேரான அடிச்சட்டங்களுக்கு வேங்கை போடலாம், நல்ல தேக்கு கிடைத்தால் அதையும் போடலாம். யூக்கலிப்டஸை மறந்துவிடுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரியாமல் மரத்தின் பெயரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மரவாடிக்குப் போனால், அதே பெயரில் வேறொன்றை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

புது மரம் தேடுவதற்கு முன்னால் பழைய வங்கு ஏன் இற்றது என்று பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறியதால் இற்றது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. மரத்தை இற வைப்பது பூஞ்சை. அதற்கு மரத்தில் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும், உப்பு பிடிக்காது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த வரை உங்கள் படகின் உள்பக்கத்தில் உப்புத் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தது. கரையில் ஏற்றிய பிறகு ஆறு ஐப்பசி, ஆறு கார்த்திகை மழை உள்ளே தேங்கியிருக்கிறது. வங்குக்கும் பலகைக்கும் நடுவே புகுந்த மழைத் தண்ணீர் வெயிலில் காயாது. அங்கேதான் அழுகல் பிடிக்கும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கரையில் நிற்கும் படகுக்குள் அவ்வப்போது கடல் தண்ணீரை வாரி ஊற்றுவார்கள். பலகை சுருங்காமல் இருக்க என்று காரணம் சொல்வார்கள். வங்குகள் தப்பித்ததும் அதனால்தான்.

இற்ற இடங்களை ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். வங்கின் மேல்நுனி இற்றிருந்தால் விளிம்புப் பலகை வழியாக மழை இறங்குகிறது. அடியில், ஏராவை ஒட்டி இற்றிருந்தால் தண்ணீர் ஓடும் துளை அடைபட்டிருக்கிறது. ஆணிகளைச் சுற்றி மட்டும் கறுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தால் அது பூஞ்சை வேலை இல்லை, இரும்புத் துரு மரத்தைத் தின்றது. வெளிப்பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டையும், உள்ளே சுண்ணாம்பு பூசியது போன்ற நீளமான குழாய்களும் தெரிந்தால் அது கப்பல் புழு. புழு என்கிறோமே தவிர அது சிப்பி இனம். கடல் தண்ணீரில் கிடக்கும் பலகையைத்தான் முக்கியமாகத் தாக்கும், உள்ளே இருக்கும் வங்குக்கு வருவது குறைவு. ஆகவே வங்குக்கு மரம் தேர்வு செய்யும்போது கப்பல் புழுவை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். பூஞ்சையைத் தாங்குமா, ஆணியைப் பிடித்துக்கொள்ளுமா, அலை அடியில் முறியாமல் நிற்குமா என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

இந்த மூன்றுக்கும் அடிப்படை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். எந்த மரம் என்பதைவிட, அந்த மரத்தில் எந்தப் பகுதி என்பது முக்கியம். மரத்தின் நடுவில் இருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளுப்பாக இருப்பது வெளிறு. உயிரோடு இருக்கும்போது மரம் தண்ணீர் கடத்துவதும் மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பதும் வெளிறில்தான். வெட்டிய பிறகு அந்த மாவுச்சத்தைத் தேடித்தான் வண்டும் பூஞ்சையும் வருகின்றன. வைரத்தில் மரம் தன் கழிவுகளையும் பிசினையும் அடைத்துவைத்திருக்கும். பூஞ்சைக்கு அது விஷம். எந்த மரமாக இருந்தாலும் சரி, வெளிறு நிற்காது. தேக்கின் வெளிறும் மாமரத்துக்குச் சமம்தான்.

டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் மரத்தின் ஆயுளைக் கணக்கிட ஒரு சோதனை செய்து வந்திருக்கிறது. மரத்துண்டுகளைப் பாதி மண்ணில் புதைத்து, மழையிலும் கரையானிலும் விட்டுவிடுவார்கள். 120 மாதங்களும் அதற்கு மேலும் நிற்பது முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதங்கள் நிற்பது இரண்டாவது. 60 மாதங்களுக்குள் போய்விடுவது மூன்றாவது. தேக்கும் வேங்கையும் முதல் வகுப்பு, மாமரம் மூன்றாவது. ஆனால் இந்த வகுப்புகள் எல்லாம் வைரத்துக்கு மட்டுமே பொருந்தும். கடைக்காரர் "முதல் வகுப்புத் தேக்கு" என்று சொல்லிக் காட்டும் துண்டில் பாதி வெளிறாக இருந்தால் அந்தப் பாதிக்கு எந்த வகுப்பும் கிடையாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், மாமாவிடம் கேட்காமல், ஒரு மரக்கடையில் ஆறு தேக்குச் சட்டங்கள் வாங்கினேன். அறுத்து இழைத்து வைத்திருந்தார்கள், பார்க்க ஒரே பொன்னிறம். படகில் ஏற்றி இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. நான்கு சட்டங்களில் ஒரு ஓரம் முழுக்க மாவாகக் கொட்டியது. உளியால் சீவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெளிறின் மேல் நிறம் ஏற்றியிருந்தார்கள். மாமா ஒன்றும் திட்டவில்லை. கொட்டிய மாவை உள்ளங்கையில் அள்ளி என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து இழைத்த மரத்தை நான் வாங்குவதில்லை. அறுத்தபடியே, முனை தெரியும்படி இருக்கும் கட்டையைத்தான் வாங்குகிறேன். முனையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்தால் வைரமும் வெளிறும் கோடு போட்டது போல் பிரிந்து தெரியும். நீங்களும் ஒரு சிறிய போத்தல் தண்ணீரும் ஒரு கூரிய உளியும் இல்லாமல் மரவாடிக்குப் போகாதீர்கள்.

தேக்கு படகுக்கு ஆகாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817-இல் கடலில் இறக்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதந்துகொண்டு நிற்கிறது. மலபார்த் தேக்கில் கட்டியது அது. பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவர்கள் இங்கே வந்து கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் அந்தத் தேக்கு காட்டில் பல தலைமுறை நின்று முற்றியது. இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோட்டத்திலும் வாய்க்கால் கரையிலும் நட்டு, இருபது இருபத்தைந்து வருடங்களில் வெட்டியது. தண்ணீர் தாராளமாகக் குடித்து வளர்ந்த மரம் பருமனாக இருக்கும், வைரம் குறைவாக இருக்கும். அது வீட்டு நிலைக்கும் கதவுக்கும் போதும். உங்கள் ஆசாரி தன் தொழிலுக்குச் சரியான யோசனைதான் சொன்னார். வீட்டில் மரம் நேராக நிற்கிறது. படகில் வங்கு வளைகிறது. வேறுபாடு அங்கேதான்.

நேரான தேக்குப் பலகையை எடுத்து, அதில் வளைவாகக் கோடு போட்டு, அந்தக் கோட்டில் அறுத்தால் வங்கு மாதிரி ஒன்று கிடைக்கும். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் மரத்தின் நார் நேராக ஓடுகிறது, வங்கு வளைகிறது. வளைவின் நடுவில் நார் வங்கின் ஓட்டத்தோடு போகும், இரண்டு முனைகளிலும் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். மரம் நார் வழியேதான் பலமானது, குறுக்கே அல்ல. பத்து அங்குல ஓட்டத்தில் நார் ஓர் அங்குலம் விலகினால் முறியாமல் தாங்கும் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்து அங்குலத்தில் ஓர் அங்குலம் விலகினால் கிட்டத்தட்ட பாதியே போய்விடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தேக்காக இருந்தாலும் இந்தக் கணக்குக்குத் தப்பாது. நன்றாக வளைந்து ஏறும் வங்கை நேர்ச்சட்டத்தில் வெட்டி எடுத்தால் முதல் பெரிய அலையில் அது நாரோடு பிளக்கும்.

அதனால்தான் நம் கரையில் படகு கட்டும் தச்சர்களான ஓடாவிகள் வங்குக்கு வளைந்த மரத்தைத் தேடித் தேடி வெட்டினார்கள். மேலை நாடுகளில் மெல்லிய சட்டத்தை நீராவியில் வேக வைத்து வளைக்கும் வழக்கம் உண்டு. நமக்கு அது தேவைப்படவில்லை, மரமே வளைந்து கொடுத்திருக்கிறது. கருவேலத்தின் அடிமரத்திலிருந்து கிளை பிரியும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே நார் முறியாமல் அப்படியே திரும்பி கிளைக்குள் போகும். அந்தத் துண்டைப் பிளந்து வங்காக்கினால், மேலிருந்து கீழ்வரை ஒரே நார். அதை முறிக்க வேண்டுமானால் ஒவ்வொரு நாரையும் அறுத்தாக வேண்டும்.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். நான்கு மில்லிமீட்டர் பிளைவுட்டில், அல்லது கெட்டி அட்டையில், இற்ற வங்கு ஒவ்வொன்றுக்கும் மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். பழைய வங்கைக் கழற்றி அதன்மேல் வைத்து வரையாதீர்கள். இற்ற வங்கு வடிவம் மாறியிருக்கும். பலகையின் உள்பக்கத்தோடு அட்டையை ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் தெரியாத வரை சீவிச் சீவிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, எத்தனையாவது, இடமா வலமா என்று எழுதுங்கள். ஒன்பது மாதிரியையும் கட்டி எடுத்துக்கொண்டு மரம் வெட்டிக் கிடக்கும் இடத்துக்குப் போங்கள். கட்டையின் மேல் மாதிரியை வைத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஒரு நிலையில் கட்டையின் பட்டையும் மாதிரியின் விளிம்பும் ஒன்றாக ஓடும். மாதிரி கட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது போல் இருக்கும். அந்தக் கட்டையில் உடனே சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தேடி மூன்று கட்டைதான் சிக்கியது என்றாலும் அது நல்ல நாள்தான்.

அந்தக் கட்டைகள் எங்கே கிடைக்கும்? நகரத்து மரக்கடையில் கிடைக்காது. அங்கே நேர்மரத்துக்குத்தான் மதிப்பு. கண்மாய்க்குள் நட்ட கருவேலத்தை ஏலத்தில் எடுத்து வெட்டுபவர்களிடம் கேளுங்கள். வளைந்தது, கவட்டை உள்ளது எல்லாவற்றையும் அவர்கள் விறகுக்குத் தள்ளுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த விறகுக் குவியலில்தான் இருக்கிறது. வெட்டு நடக்கும் நாளில் போனால் விறகு விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து எடுத்துவிடலாம். பட்டா நிலத்து மரம் என்றால் உரிமையாளரிடம் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவேலம் என்று கேட்டால் சீமைக் கருவேலத்தையும் காட்டுவார்கள். நின்ற மரமானால் அடையாளம் எளிது. நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ, காய் மணி கோத்த மாலை போல இடையிடையே இடுங்கி இருக்கும். சீமைக்குப் பூ பூனைவால் போல நீண்டிருக்கும், காய் மஞ்சளாக, தட்டையாக இருக்கும். வெட்டிய கட்டையானால் பட்டையைப் பாருங்கள். முற்றிய நாட்டுக் கருவேலத்தின் பட்டை கறுத்து, நீள வாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். சீமைக் கருவேலத்தின் வைரம் மோசமானதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கடினமானது, காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். ஆனால் முறுக்கும் கணுவும் உள்வெடிப்பும் இல்லாமல் நான்கு அடி நீளம் கிடைப்பது அரிது. சிறிய முட்டுக்கட்டைகளுக்கு வைத்துக்கொள்ளலாம், முழு வங்குக்கு வேண்டாம்.

நாட்டுக் கருவேலத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம், அடி வாங்கும் வேலைக்கென்றே நம் ஊரில் பழகிய மரம் அது. வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் அதைத்தான் வைத்தார்கள். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ என்றால் கருவேலம் 800 கிலோவை ஒட்டி வரும். ஆணியை உடும்பு போலப் பிடித்துக்கொள்ளும். குறைகளும் உண்டு. வெளிறு அகலமாக இருக்கும், அதில் வண்டு சீக்கிரம் விழும். ஆகவே வெளிறை மிச்சமில்லாமல் வாய்ச்சியால் செதுக்கித் தள்ள வேண்டும். "ஓரத்தில் அரை அங்குலம்தானே" என்று விடக் கூடாது. மூன்று அங்குல வங்கு வேண்டுமானால் கட்டை ஆறு ஏழு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மரம் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். வீணாகட்டும்.

கருவேலம் போதுமான வளைவில் கிடைக்காவிட்டால் அடுத்து நான் தேடுவது புன்னை. கடலோரத்து மரம், பிறவியிலேயே கோணல். நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஓடுவதால் ஆணி அடித்தாலும் எளிதில் பிளக்காது. இழைப்பதற்குத்தான் கஷ்டம், இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிடுங்கும். ஆயுளில் கருவேலத்தின் வைரத்துக்கு ஒரு படி கீழே வைப்பேன். பூவரசும் நல்ல மரம், தண்ணீரில் நிற்கும், ஆனால் பெரிய அளவில் கிடைக்காது. அணியத்தின் அருகே வரும் குட்டையான வங்குகளுக்கு அது சரியாக அமையும். வேம்பு வளைவாகக் கிடைக்கும், பூச்சி அவ்வளவாக நெருங்காது. முற்றிய வேம்பாக இருந்தால் மறுக்க மாட்டேன், ஆனால் காயும்போது திருகும், அதனால் நன்றாகக் காய்ந்த பிறகே வடிவம் கொடுக்க வேண்டும். இலுப்பை ஏராவுக்கென்றே பிறந்தது போன்ற மரம். இப்போது யார் வெட்டக் கொடுக்கிறார்கள்? பழைய வீட்டை இடிக்கும்போது உத்தரமாக ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

வேங்கை நேரான அடிச்சட்டங்களுக்கு மிகப் பொருத்தம். பலமும் ஆயுளும் இரண்டும் உண்டு. அசல் வேங்கையா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. உளியால் நான்கைந்து சீவல் எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் நீலம் மின்னும். சர்க்கரை நோய்க்கென்று வேங்கை மர டம்ளர் விற்கிறார்களே, அதில் ஊற்றிய தண்ணீரிலும் இதே நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தால் கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படாக் இறக்குமதி மரம். ஆப்பிரிக்கப் படாக் உண்மையில் நன்றாக நிற்கும், சுருக்கமும் குறைவு. அடிச்சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. வளைவுக்கு அதிலும் தேக்கின் அதே குறை, நேர்நார். "மலேசிய சால்" என்று சொன்னால் மட்டும் உஷாராக இருங்கள். அந்தப் பெயரில் பல மரங்கள் வருகின்றன. ஒரு லாரியில் வந்தது அடுத்த லாரியில் வராது. யூக்கலிப்டஸ் கட்டைக்குள் வளரும்போதே இழுவிசை தங்கியிருக்கும், அறுத்தவுடன் முனை வெடிக்கும், பிறகு வில் போல வளையும். பலமான மரம்தான், ஆனால் படகுக்குள் வைத்த பிறகும் அது அசைந்துகொண்டே இருந்தால் உங்கள் பலகையின் ஆணிகள் என்னாவது?

ஈரம் பற்றி. புதிதாக வெட்டிய கட்டையை உடனே வங்காக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் கருவேலக் கட்டையை முதலில் கழிமுகத் தண்ணீரிலோ குளத்துச் சேற்றிலோ சில மாதம் ஊறப்போடுவார்கள். மரத்தில் உள்ள மாவுச்சத்து கரைந்து வெளியேறிவிடும், பிறகு வண்டு வருவது குறையும். ஊறிய பின் நிழலில், காற்றோட்டமாக, இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்க வேண்டும். முனைகளில் பெயிண்டோ மெழுகோ பூசிவிட்டால் வெடிப்பு குறையும். கடலோரக் காற்றில் மரம் எவ்வளவு காய்ந்தாலும் ஏறக்குறைய 15 சதவீத ஈரம் தங்கும். படகுக்கு அதுவே சரியான அளவு. நகரத்தில் இயந்திர அறையில் 8 சதவீதத்துக்குக் காய வைத்த மரத்தை இறுக்கமாகப் பொருத்தினால் பிறகு ஊதிக்கொண்டு பலகையைத் தள்ளும்.

ஈரம் அளக்கும் கருவி இல்லை என்றால் தராசு போதும். கட்டையின் நடுவிலிருந்து, முனையிலிருந்து வேண்டாம், 100 கிராம் துண்டு ஒன்று வெட்டுங்கள். வீட்டு ஓவனில் 100 டிகிரியை ஒட்டி வைத்து, எடை மேற்கொண்டு குறையாத வரை காய வையுங்கள். 87 கிராமில் நின்றால் 13 கிராம் தண்ணீர் போயிருக்கிறது, 13-ஐ 87-ஆல் வகுத்தால் 15 சதவீதம். 80-இல் நின்றால் 25 சதவீதம், இன்னும் காய வேண்டும்.

மரம் வந்த பிறகு செய்யும் தவறுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் மரத்தேர்வோடு சேர்ந்தவை. முதலாவது, பழைய வங்கைவிட மெல்லியதாக வைப்பது. "கருவேலம் கெட்டியானது, இரண்டரை அங்குலம் போதும்" என்று ஆசாரி சொல்லலாம். வளைந்து கொடுக்காத தன்மை ஆழத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. மூன்று அங்குலத்தை இரண்டரையாக்கினால் விறைப்பில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். மரத்தின் கெட்டித்தன்மையால் அதை ஈடுகட்ட முடியாது. அதேபோல் தடிமனைக் கூட்டவும் வேண்டாம். ஒரு வங்கு மட்டும் மிக விறைப்பாக இருந்தால், அலையில் மற்ற வங்குகள் அசையும்போது அது அசையாது, அதன் ஓரத்திலேயே பலகை விரிசல் விடும். பழைய அளவையே வையுங்கள்.

இரண்டாவது, ஒன்பதையும் ஒரே நேரத்தில் கழற்றுவது. கழற்றினால் படகு வயிறு தளர்ந்து வடிவத்தை இழக்கும், பிறகு எந்த மாதிரியும் பொருந்தாது. வெளியே முட்டுக் கொடுத்து, ஒன்று கழற்றி ஒன்று பொருத்தி, அடுத்தது ஒன்றை விட்டு ஒன்று என்று போங்கள். இற்ற வங்கின் பக்கத்தில் அரை அடி, ஓரடித் துண்டை இணைத்து ஒட்டுப்போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். துணை வங்கு வைப்பதாக இருந்தால் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை முழு நீளமாக இருக்க வேண்டும். பாதியில் முடிந்தால், முடிந்த இடத்தில் பலகை உடையும்.

ஆணி. கருவேலத்தின் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவார்கள், அவ்வளவு துவர்ப்பு அந்த மரத்தில். துவர்ப்பும் ஈரமும் சேர்ந்தால் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், மரமும் கறுத்துக் கெடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணியும் போல்ட்டும் வாங்குங்கள், மெல்லிய மின்பூச்சு உள்ளது வேண்டாம். செம்பு ஆணி அடித்து வாஷர் போட்டு மடக்கினால் இன்னும் நல்லது. ஆனால் செம்பையும் இரும்பையும் ஒரே வங்கில் கலக்காதீர்கள், உப்பு ஈரத்தில் இரும்பு அரித்துப் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 தரம். கருவேலத்தில் துளை போடாமல் எதையும் அடிக்க முடியாது, அடித்தால் பிளக்கும்.

பொருத்துவதற்கு முன் வங்கின் நான்கு பக்கமும், முக்கியமாக வெட்டிய முனைகளிலும் துளைகளுக்குள்ளும், முந்திரி ஓட்டு எண்ணெயை இரண்டு மூன்று முறை பூசுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோலைப் பொசுக்கிவிடும். வெளிறை விட்டுவைத்து எண்ணெய் பூசினால் போதும் என்று நினைக்க வேண்டாம், எண்ணெய் மேலேதான் நிற்கும். ஃபைபர் பூசி வங்குகளை மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். பழைய மரத்தில் உள்ள ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெளியே பளபளப்பாகவும் உள்ளே சோறாகவும் ஆகிவிடும். ஒவ்வொரு வங்கின் அடியிலும் விரல் நுழையும் அளவுக்குத் தண்ணீர் ஓடும் துளை விடச் சொல்லுங்கள். ஓடாவி மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுது பார்க்கும். ஓடாவி கிடைக்க மாட்டார், மரத்தின் விலையும் ஏறும். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியதில் மரவேலை தெரிந்த ஓடாவிகள் குறைந்துவிட்டார்கள், இருக்கும் சிலரையும் அந்த இரண்டு மாதத்தில் பிடிக்க முடியாது. நீங்கள் இப்போதே மாதிரி வெட்டி, கட்டை தேடி, ஊறப்போட்டுக் காய வைத்தால் அடுத்த தை, மாசியில் வேலை தொடங்கலாம். அதுவரை படகின் மேல் தார்ப்பாயைக் கூரை போல உயர்த்திக் கட்டுங்கள், பலகையோடு ஒட்டி மூட வேண்டாம், காற்று உள்ளே போய் வர வேண்டும்.

இன்னொன்று. கட்டை வாங்குவதற்கு முன்னால், இற்ற ஒன்பது வங்குகளும் ஏராவில் உட்காரும் இடங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டாலோ, திருப்புளி கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினாலோ, அந்த இடங்களை அளந்து எனக்கு எழுதுங்கள். ஏரா கெட்டிருந்தால் வேலையின் வரிசையே மாறும், வங்கைத் தொடுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.